அடுத்த வருஷமும் வரணும்

பொங்காலை அன்று ராத்திரியே மாநகராட்சி ஆட்கள் வந்து அடுப்புக் கூட்டிய செங்கற்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மறுநாள் காலையில் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் வரிசை வரிசையாகக் கரித்தடம் மட்டும் மிச்சமிருக்கும். வருஷா வருஷம் அந்தக் காலையில்தான் நான் என் நோட்டை அலமாரியிலிருந்து எடுப்பது வழக்கம்.

ஆற்றுக்கால் பொங்காலை மாசியில் வருகிறது. ஜூன் பிறக்கும்போது எடவப்பாதி மழை. அதே ஜூன் பிறக்கும்போதுதான் கேரளத்தில் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஈரத் துணியும் ஈரக் குடையுமாக நாற்பது பிள்ளைகள் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் உட்காருகிற காலம் அது. ஃப்ளூ வைரஸ் கேட்பது அவ்வளவுதான். ஃப்ளூ ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரம் ஆகும். ஒன்பது வயதுக்குள் இருக்கும் குழந்தை முதல்முறையாகப் போட்டுக்கொள்வதாக இருந்தால் ஒரு டோஸ் போதாது. நாலு வாரம் கழித்து இன்னொன்று வேண்டும். நாலும் இரண்டும் ஆறு வாரம். ஜூன் ஒன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விஷு முடிந்த வாரத்தில் வந்து நிற்கும். முதல் தடவைக்காரர்கள் விஷுக்கனி கண்ட கையோடு வந்துவிட வேண்டும், மற்றவர்கள் மே பாதிக்குள். அதனால்தான் பொங்காலை முடிந்ததுமே போன் பண்ண ஆரம்பிக்கிறேன்.

இருபத்தாறு வருஷமாக ஆரியசாலைப் பக்கம் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் ஊசி அறை என் பொறுப்பு. ஊர் நாகர்கோவில். கட்டிக்கொடுத்தது இங்கே. ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது உண்டாக்கிய சாலைக் கம்போளம் இது. அன்றிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கே கடை வைத்துப் பிழைக்கின்றன. எழுத்தாளர் ஆ. மாதவன் பாத்திரக்கடை வைத்திருந்ததும் இந்தத் தெருவில்தான். எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களும் கடைத்தெரு மனிதர்களே: பலசரக்கு, பாத்திரம், பூ, கருவாடு, வாழைக்குலை, சுமை தூக்குகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள், கரமனை அக்ரகாரத்துப் பிள்ளைகள். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் "பிள்ளைக்குப் பனி" என்று கேட்டுக் குழம்பிப்போவார்கள். இங்கே பனி என்றால் காய்ச்சல். தடுமம் என்பார்கள், சளி என்பார்கள், ஜலதோஷம் என்பார்கள். மிளகாய் மண்டிக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் எல்லா இருமலையும் மிளகாய்த் தூசியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். உண்மையில் தூசி இருமல் எது, நெஞ்சில் இறங்குகிற இருமல் எது என்று பார்த்தவுடன் சொல்ல எனக்கே பல வருஷம் பிடித்தது. மூச்சு எண்ண வேண்டும், விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்க வேண்டும். தடுமத்தில் பிள்ளை மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு விளையாடும். ஃப்ளூ வந்த பிள்ளை விளையாடாது. அம்மாவின் தோளில் தலையைப் போட்டால் எடுக்காது.

மற்றத் தடுப்பூசிகளைப் போல ஃப்ளூ ஊசியை ஒரு தடவையோ மூன்று தடவையோ போட்டு அட்டையை மூடிவைக்க முடியாது. வருஷா வருஷம் போட வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் என் வேலையின் சுபாவத்தையே மாற்றியது. ஒரே தடவை போடுகிற ஊசி என்றால் எப்படியாவது பிடித்து அமுக்கிப் போட்டு அனுப்பிவிடலாம். பிள்ளை என்னை வாழ்நாள் முழுக்க வெறுத்தாலும் ஊசி உள்ளே போய்விட்டது. இதில் அது நடக்காது. இந்த வருஷம் நான் எப்படிப் போடுகிறேனோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை படியேறும். மருந்து கம்பெனி தருவது பாதி மருந்து, மீதிப் பாதி ஊசி போடுகிற கையில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

"சிஸ்டர், போன வருசம் போட்டோம்லா? இந்த வருசமும் எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா கிடையாது. நியாயமான கேள்வி. அவர்கள் வீட்டு ஆச்சியின் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் குத்தியது, தொண்ணூறு வயதிலும் அப்படியே. இந்த ஊர் அதைக் கண்ட ஊர். ராணி கௌரி லட்சுமி பாய் காலத்தில், 1813 வாக்கில், திருவிதாங்கூரில் அம்மை குத்துவது ஆரம்பமானது. ஜனங்களின் பயம் தெளிவதற்காக அரண்மனையில்தான் முதலில் குத்திக்கொண்டார்கள் என்பார்கள். 1879-ல் அரசு ஊழியர்களும் சிறைக்கைதிகளும் பள்ளி மாணவர்களும் கட்டாயம் குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவே வந்தது. பெரியம்மை வைரஸ் தன் முகத்தை மாற்றிக்கொள்ளாத வைரஸ். அதை ஒழிக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். ஃப்ளூ அப்படியில்லை.

நான் அவர்களுக்குக் கடைத்தெரு பாஷையில் சொல்வேன். "உங்க கடையில கடன் வாங்கிட்டுத் தராம போறவன் ஒருத்தன் இருக்கான்னு வைங்க. அவன் மூஞ்சி கடைப் பையனுக்குத் தெரியும். தெருவுல கண்டாலே பிடிச்சிருவான். அடுத்த வருசம் அவன் மீசையை எடுத்துட்டு, தலையை வேற மாதிரி வெட்டிட்டு வந்தா? ஆளு அதே ஆளுதான். பையனுக்கு அடையாளம் தெரியாதுலா? புது மூஞ்சியைக் காட்டிக் குடுக்கணும்லா?" அப்படியே புரிந்துகொள்வார்கள். எப்போதாவது ஒரு தடவை மீசை மாற்றம் இல்லாமல் ஆளே புதிதாக வந்துவிடுவான். 1918-ல் அப்படித்தான் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். 1957-ல் வந்தது, 1968-ல் வந்தது, 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தது. 2009-ல் வந்த அந்த எச்1என்1தான் இப்போது வருஷா வருஷம் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாகி நம்மோடு தங்கிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு: வைரஸ் மாறாவிட்டால்கூட, இந்த ஊசி தருகிற எதிர்ப்பு மாதங்கள் போகப் போகக் குறைந்துகொண்டே வரும்.

அந்தப் புது மூஞ்சியை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தச் சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போதே ஒரு மரியாதை வருகிறது. 1952-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுத்த பஞ்சுக் குச்சிகள் புனே வைராலஜி நிறுவனம் மாதிரியான இடங்களுக்குப் போகின்றன. வருஷத்தில் இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்கள் கூடி அடுத்த பருவத்துக்கு எந்தெந்த வைரஸைப் போடுவது என்று முடிவு செய்கிறார்கள். பிப்ரவரி முடிவு வடகோளத்துக்கு, செப்டம்பர் முடிவு தென்கோளத்துக்கு. அதற்கப்புறம் கோழி முட்டைகளில் வைரஸை வளர்த்து, கொன்று, சுத்தம் செய்து, சிரிஞ்சில் அடைத்து வெளியே வர ஆறு மாதம். செப்டம்பரில் முடிவானது ஏப்ரலில் என் பிரிட்ஜில் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஊசி அறையில் வேலை பார்க்கிற எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பூகோளப்படி நாம் வடகோளம். ஆனால் நமக்கு ஃப்ளூ தலைதூக்குவது ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, மழையோடு. அதனால் மழைக்கு முன்னால் நமக்குச் சரியாக வருவது தென்கோள ஊசி. பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஏப்ரல் மாதத்தில் போன வருஷத்து வடகோள ஸ்டாக் மிச்சமிருந்து அதைத் தள்ளிவிடப் பார்க்கிற விநியோகஸ்தர்கள் உண்டு. காலாவதி ஆகியிருக்காது, ஆனால் முடியும் தறுவாயில் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்து, வருஷத்தைப் பார்த்து, கோளத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். காஷ்மீரில் ஃப்ளூ குளிர்காலத்தில் வரும். அவர்களுக்குக் கணக்கு வேறு. சென்னையில் இருக்கும் என் தங்கை "எப்பக்கா போடணும்?" என்று கேட்டபோது யோசித்துத்தான் பதில் சொன்னேன். அங்கே ஐப்பசி கார்த்திகை மழையோடுதான் அது கூடுதலாக வருகிறது. ஒரே மொழி பேசுகிற இரண்டு ஊர், மழை வருகிற திசை வேறு, ஊசி போடும் மாதமும் வேறு.

இரண்டு வருஷம் முன்பு பாத்திரக்கடைக்காரர் மனைவி ஒருத்தி பெட்டியை வாங்கிப் படித்துவிட்டு, "போன வருசம் நாலுன்னு போட்டிருந்துது, இப்ப மூணுன்னு இருக்கு. ரேட்டு அதேதான் வாங்குறியோ" என்றாள். கோபமில்லை, கடைக்காரக் கணக்கு. அவளை உட்காரவைத்துச் சொன்னேன். முன்பெல்லாம் ஏ வகையில் இரண்டும் பி வகையில் இரண்டும் சேர்த்து நாலு. பி-யில் யமகாட்டா என்று ஒரு கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகத்தில் எங்கேயும் அது உறுதியாக அகப்படவில்லை. கொரோனாவுக்காக எல்லோரும் முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் இருந்த காலத்தில் அது ஓய்ந்துபோயிருக்கிறது. இல்லாத ஒன்றுக்கு எதற்கு மருந்து என்று 2023 செப்டம்பரில் நிபுணர்கள் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். அவள் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நாம மாஸ்க் போட்டது வீண் போகல்ல" என்றாள். இல்லை என்றேன்.

கரமனையிலிருந்து வருகிற மாமி ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சிஸ்டர், இதில முட்டை சேர்த்திருக்காமே, நிஜமா?" இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே வேலை முடிந்திருக்கும். "ஆமாம் மாமி, கோழி முட்டையில வளர்த்துத்தான் எடுக்கறா. அப்புறம் சுத்தம் பண்ணிடுவா, ஆனா வளர்க்கறது முட்டையிலதான்" என்றேன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, ஆத்தில் பேசிவிட்டோம் என்று திரும்பி வந்தார். இப்போது நாலு வருஷமாக வருகிறார். ஒரு பொய் சொல்லி வரவழைத்திருந்தால் அடுத்த வருஷம் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள். அதோடு நான் சொன்ன மற்ற எல்லாமும் பொய்யாகியிருக்கும்.

பிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. கதவில் வைக்கக்கூடாது, கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் சூடேறும். ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது. சூட்டைவிட நான் அதிகம் பயப்படுவது உறைவதற்கு. முத்தடுப்பு ஊசியோ மஞ்சள்காமாலை ஊசியோ உறைந்திருந்தால் குலுக்கி வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அடியில் சீக்கிரம் படிந்துவிடும். ஃப்ளூ ஊசியில் அப்படிப் படிகிற பொருளே இல்லை. உறைந்து உருகினாலும் தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருக்கும், ஒன்றும் நடக்காத மாதிரி. வெகுகாலம் முன்பு ஒரு தடவை, லீவு நாளில் யாரோ பெட்டியை மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை எடுத்தபோது அட்டையில் பனித்துகள். மருந்து தெளிவாகத்தான் இருந்தது. பதினாலு சிரிஞ்சு. யாருக்கும் தெரியாது, போட்டிருந்தால் பிள்ளைகளுக்குக் கெடுதலும் வந்திருக்காது. காசு கொடுத்து வெறும் தண்ணீரைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போயிருப்பார்கள், அவ்வளவுதான். பதினாலையும் எடுத்துத் தனியே வைத்துச் சீட்டு ஒட்டினேன். அதிலிருந்து காலையில் வந்ததும் என் முதல் வேலை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுவது, இரண்டாவது வேலை, ஊசி போட்டதும் திடீரென்று ஒவ்வாமை வந்தால் கொடுக்கிற அட்ரினலின் ஆம்பூலின் தேதியைப் பார்ப்பது. அந்த ஆம்பூலை இத்தனை வருஷத்தில் ஃப்ளூ ஊசிக்காக ஒரு தடவைகூட உடைக்க நேரவில்லை. இருந்தாலும் தினமும் பார்ப்பேன். ஊசி போட்டதும் கால் மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வதும் அந்த ஒவ்வாமைக்காகத்தான்.

இனி கை.

சிரிஞ்சைப் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போடமாட்டேன். உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்வேன். குளிர்ந்த மருந்து தசைக்குள் போனால் தனியாக ஒரு வலி வலிக்கும். அந்த இரண்டு மூன்று நிமிஷம்தான் நான் பிள்ளையோடு பேசுகிற நேரம். அரை மில்லிதான் மருந்து. கையின் சூட்டுக்குச் சீக்கிரம் இணங்கிவிடும். அப்புறம் லேசாகக் குலுக்குவேன். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது தானாகக் காய வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு குத்துகிறவர்கள் உண்டு. ஊசி முனையோடு ஸ்பிரிட் உள்ளே போய் எரியும். பிள்ளை அழுவது பாதி அதற்காகத்தான். வாயால் ஊதிக் காயவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மனதுக்குள் முப்பது எண்ணுங்கள், காய்ந்துவிடும்.

நான் படித்த காலத்தில் ஊசியைக் குத்தியதும் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லித்தந்தார்கள். பல வருஷம் அப்படித்தான் செய்தேன். அந்த ஒன்றிரண்டு விநாடியில் ஊசி தசைக்குள் ஆடும், அதுதான் அதிகம் வலிக்கும். தொடையிலும் தோளிலும் நாம் போடுகிற இடத்தில் பெரிய ரத்தக்குழாய் இல்லை, இழுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனமே எழுதிவிட்டது. கையில் படிந்த பழக்கத்தை விடுவது லேசில்லை. ஒரு மாதம் ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டேன். அதே குறிப்பில் இன்னொன்றும் இருந்தது: பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடிக்காதே, மடியில் நிமிர்த்தி உட்காரவை, பால் குடிக்கிற குழந்தையானால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போடு. அதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய முகம் ஞாபகம் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாலு வயசுப் பையன். பிறந்ததிலிருந்து வீசிங். ஃப்ளூ ஊசி யாருக்கு அவசியம் என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுகிற மாதிரியான பிள்ளை. அன்றைக்குக் கூட்டம். பையன் திமிறினான். அவன் அப்பாவைக் காலைப் பிடிக்கச் சொன்னேன், இன்னொரு சிஸ்டரைத் தோளைப் பிடிக்கச் சொன்னேன், மேசைமேல் படுக்கவைத்துப் போட்டுவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு அவன் கத்திய கத்து இன்றைக்கும் காதில் இருக்கிறது. அடுத்த வருஷம் போன் பண்ணினேன். "அந்தத் தெருப் பக்கமே வரமாட்டேங்கான் சிஸ்டர். கிளினிக் படியைக் கண்டா வாந்தி எடுக்கான்" என்றாள் அவன் அம்மா. சரி, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஜூலையில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஃப்ளூ, அதோடு நிமோனியா. ஐந்து நாள் ஆக்சிஜன். பிழைத்துவிட்டான், நன்றாகவே இருக்கிறான். ஊசி போட்டிருந்தால் வந்திருக்கவே செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊசி நூற்றுக்கு நூறு இல்லை. வைரஸ் நன்றாகப் பொருந்துகிற வருஷத்தில் நூற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபது வரை தடுக்கும். வந்தாலும் பெரும்பாலும் கடுமையைக் குறைக்கும். ஆனால் அவனுக்கு அந்த நாற்பதோ அறுபதோ கிடைக்காமல் போனதற்கு வைரஸ் காரணமில்லை. என் கை காரணம். முதல் வருஷம் நான் போட்ட ஊசி இரண்டாம் வருஷத்து ஊசியைத் தடுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். டாக்டரின் ரெக்கார்டில் மருந்தும் தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கும். என் நோட்டில் வேறு விஷயம். எந்தக் கை. யார் மடி. பார்க்க ஆசைப்படுமா, முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா. என்ன பேசினோம். சில பிள்ளைகளுக்கு ஊசி உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. மூடிவிட்டால் பயம் அதிகம். அவர்களைத் "திரும்பிக்கோ" என்று கட்டாயப்படுத்தக்கூடாது. சிலர் எண்ணுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி: தமிழில் ஒண்ணு ரெண்டு மூணு, மலையாளத்தில் ஒந்நு ரண்டு மூந்நு. "எதுல எண்ணப் போற மக்களே?" என்று கேட்டால், அதை யோசிக்கிற நேரத்தில் தோள் தளர்ந்துவிடும். தளர்ந்த தசையில் ஊசி போவதே தெரியாது, இறுகிய தசையில்தான் வலி. ஆனால் வலிக்காது என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். "ஒரு குத்து குத்தும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள போயிரும். போகல்லன்னா எங்கிட்ட சொல்லு" என்பேன். ஐந்தில் போய்விட்டால், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு என் வார்த்தை மேல் நம்பிக்கை இருக்கும்.

அம்மாக்களிடமும் ஆச்சிகளிடமும் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. சோறு உண்ணாவிட்டால், உறங்காவிட்டால், "சிஸ்டர்ட்ட கொண்டுபோயி ஊசி போட்டிருவேன்" என்று பயமுறுத்தாதீர்கள். வருஷம் முழுக்க நீங்கள் ஊசியைத் தண்டனையாகச் சொல்லிவைத்தால், மே மாதம் ஒரு பத்து நிமிஷத்தில் நான் எப்படி அதை மாற்றுவேன்?

ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி போட வேண்டியிருந்தால் அதிகம் வலிக்கிறதைக் கடைசியில் போடுவேன். போட்ட இடத்தைத் தேய்க்கமாட்டேன், பஞ்சை அழுத்தி வைத்துக்கொள்ளச் சொல்வேன்; அந்தப் பஞ்சைப் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். தன் உடம்புக்குத் தான் ஒன்று செய்துகொண்டோம் என்கிற தோரணை முகத்தில் வந்துவிடும். அன்று ராத்திரி லேசாகச் சூடு இருக்கலாம், கை கொஞ்சம் வலிக்கலாம், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். இது கொன்ற வைரஸ். ஊசியால் ஃப்ளூ வராது. ஊசி போட்டும் தடுமம் வந்ததே என்று கேட்பார்கள். தடுமத்துக்கு இருநூறுக்கு மேல் வைரஸ் இருக்கிறது. இந்த ஊசி ஃப்ளூவுக்கு மட்டும் என்பதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் சமாதானம் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

மனதை அறுக்கிற ஒன்று காசு. சர்க்கார் இலவசமாகப் போடுகிற தடுப்பூசிப் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருஷா வருஷம் போடச் சொல்கிறது. அதற்கு மேல் ஆஸ்துமா, இருதயக் கோளாறு மாதிரி இருக்கிறவர்களுக்குத் தொடரச் சொல்கிறது. சொல்வது சரி. ஒரு சிரிஞ்சு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். முதல் வருஷம் இரண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் நாலு. அட்டிச் சுமை தூக்குகிற ஒரு மனுஷனிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்காது. கேட்டுவிட்டு, "சரி சிஸ்டர், பார்க்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் "பார்க்கலாம்" எனக்குத் தெரியும். மழை முதலில் நனைக்கிற பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள்தான். இந்த ஊசி இலவசப் பட்டியலில் வர வேண்டும். இருபத்தாறு வருஷம் இந்த அறையில் நின்றவள் என்கிற ஒரே தகுதியில் சொல்கிறேன். ஒரே பிள்ளைக்குத்தான் முடியும் என்கிறவர்களுக்கு டாக்டரும் நானும் சேர்ந்து யோசித்துச் சொல்வோம்: வீசிங் இருக்கிற பிள்ளைக்கு முதலில். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பள்ளிக்கூடம் போகிற மூத்ததுக்கு. ஆறு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு இந்த ஊசி போடமுடியாது. அதைக் காப்பாற்ற வீட்டு வாசலில் மூத்தவன் நிற்க வேண்டும். தாய் கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பிள்ளைக்குப் போடுவது பிள்ளைக்கு மட்டும் இல்லை என்பதற்கு ஜப்பான் ஒரு பெரிய சாட்சி. 1962-லிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள், 1977-ல் கட்டாயமாக்கினார்கள். பிறகு 1987-ல் விருப்பம் என்றாக்கி, 1994-ல் திட்டத்தையே நிறுத்தினார்கள். பின்னால் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளுக்குப் போட்ட காலத்தில் குளிர்கால மரணங்கள் குறைந்து, நிறுத்தியதும் திரும்ப ஏறியதைக் கண்டார்கள். அந்த மரணங்களில் பெரும்பாலானவை வயதானவர்களுடையவை. ஊசி பேரனுக்கு, உயிர் தாத்தாவுக்கு. கடைக்கு மேலே மாடியில் மூன்று தலைமுறை ஒரே கூடத்தில் படுத்து உறங்குகிற சாலை வீடுகளில் இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. பூக்கடை வீட்டு ஆச்சி ஒருத்தி தானே பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவாள். "இவனுக்குப் பனி வந்தா மூணாம் நாளு எனக்குலா வருது" என்பாள். ஆய்வுக்காரர்கள் பல வருஷக் கணக்கில் கண்டதை அவள் தன் வீட்டுப் பாயில் கண்டிருக்கிறாள்.

தோவாளையிலிருந்து விடியற்காலையில் பூ வந்து இறங்கும் கடை அது. பேரனுக்கு இப்போது ஐந்து வயது. முதல் வருஷம் ஆச்சி மடியில், தொடையில் போட்டது. மூன்றாம் வருஷம் தானே சட்டைக் கையை மடக்கிவிட்டான். போன மே மாதம் மலையாளத்தில் எண்ண ஆரம்பித்து, நாலில் தமிழுக்கு மாறி, ஏழு வரை போனான். "அஞ்சுலேயே போயிட்டுது, சும்மாதான் எண்ணுனேன்" என்றான். நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: இடது கை. ஆச்சி பக்கத்தில் நின்றாள், மடி வேண்டாம் என்றான். ஏழு வரை.

இந்த வருஷம் அந்த வீட்டு நம்பருக்கு மூன்று தடவை அடித்துவிட்டேன். நம்பர் மாறியிருக்கிறது போல. சாயங்காலம் டியூட்டி முடிந்து கிழக்கேகோட்டைக்குப் பஸ் பிடிக்கப் போகிற வழியில், கடையிலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும்.